மிஷின் மக்கர் செய்கிறதா? மரம் அறுப்பவர்களுக்கு அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சொந்தமாக ஒரு செயின்சா வாங்கி, நாள் கூலிக்கும் டன் கணக்கிலும் மரம் அறுத்துப் பிழைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலம், புளி, வேம்பு, வாகை, தென்னை என்று கிடைப்பதை அறுப்பவன் நான். மிஷினைப் பட்டறையில் கொடுத்துவிட்டு மூன்று நாள் காத்திருந்தால் அந்த மூன்று நாளும் நமக்குக் கூலி இல்லை, கூட வரும் ஆளுக்கும் இல்லை. டிராக்டர்காரர் வேறு லோடுக்குப் போய்விடுவார். அப்புறம் அவரைத் திரும்பப் பிடிப்பது பெரும்பாடு.

தொடங்கிய காலத்தில் எது நடந்தாலும் இன்ஜினில்தான் கோளாறு என்று நினைப்பேன். பட்டறைக்கு ஓடியவற்றில் பெரும்பாலானவை இன்ஜினைத் திறக்கத் தேவையே இல்லாதவை என்று பிறகுதான் புரிந்தது. அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் ஒரே வரிசையில் பாருங்கள்: முதலில் செயின், அடுத்து செயின் எண்ணெய், அடுத்து பெட்ரோல், காற்று வடிகட்டி, பிளக். இவை எல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் மட்டும் கார்புரேட்டர் திருகில் கை வையுங்கள்.

செயினைத் தொடும் ஒவ்வொரு முறையும் இன்ஜினை அணைத்து, பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு தொடுங்கள். ஓடாத செயினும் கையைக் கிழிக்கும்.

அறுக்கிறது, ஆனால் மாவு போலத் தூள் வருகிறது

நல்ல செயின் மரத்தைச் சீவும். தேங்காய்த் துருவலைவிடப் பெரிய சீவல்களாகக் காலடியில் விழும். மாவாக விழுந்தால் பல் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். நன்றாகக் காய்ந்த கருவேலங்கட்டை மட்டும் கூரான பல்லுக்கும் கொஞ்சம் பொடியாகவே வரும். அங்கே தூளைப் பார்த்து முடிவு செய்யாமல் உங்கள் கையைக் கவனியுங்கள். கூரான செயின் மிஷினின் சொந்த எடையிலேயே மரத்துக்குள் இறங்கும். நீங்கள் அழுத்த வேண்டியிருந்தால் செயின் போய்விட்டது.

மழுங்கிய செயினை அழுத்தி ஓட்டுவதால் வரும் கேடுகள் ஒன்றோடு நிற்பதில்லை. பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) சூடேறும், கிளட்ச் தேயும், இன்ஜின் மூச்சுத் திணறும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சாயங்காலம் தோள்பட்டை தூக்க விடாது. கீழே சொல்லப்போகும் பல கோளாறுகளுக்கு விதை இங்கேதான் விழுகிறது. அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் சரியான அரம். கண்ணில் பட்ட உருட்டு அரத்தை எடுத்துத் தேய்த்தால் பல்லின் வளைவு கெட்டுவிடும். செயினைக் கண்ணிகளின் இடைவெளியை வைத்துச் சொல்வார்கள். சின்ன மிஷின்களில் வரும் தாழ்ந்த வகை எட்டில் மூன்று (3/8) அங்குலச் செயினுக்கு 4 மில்லிமீட்டர் அரம். 0.325 அங்குலச் செயினுக்கு 4.8. பெரிய மிஷின்களில் வரும் முழு எட்டில் மூன்று அங்குலச் செயினுக்கு 5.2. உங்களுடையது எது என்பது செயின் வந்த அட்டைப்பெட்டியிலேயே இருக்கும். அந்த அட்டையைக் கிழித்துப் போடாமல் வையுங்கள்.

பாரை ஒரு தூர்க்கட்டையில் அசையாமல் பொருத்திக்கொண்டு, பல்லின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மட்டும் அரத்தைத் தள்ளுங்கள். திரும்பி வரும்போது அரம் பல்லைத் தொடக் கூடாது. முன்னும் பின்னும் தேய்த்தால் அரமும் போகும், முனையும் மடங்கும். கோணம் 30 பாகை. பெரும்பாலான பற்களின் மேல் இதற்கென்றே ஒரு கோடு இருக்கும். காய்ந்த, வைரம் பாய்ந்த மரமாகவே அறுப்பதென்றால் 25 பாகையில் தீட்டலாம், முனை சற்று அதிக நேரம் தாங்கும். அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்விளிம்புக்கு மேலே தெரியட்டும். எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கை: ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் அத்தனைக்கும் மூன்று.

இதோடு நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கிறதே, பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தீர்மானிப்பது அதுதான். பல்லைத் தீட்டத் தீட்ட அதன் உயரம் குறையும், மேடு அப்படியே நிற்கும். ஒரு கட்டத்தில் பல் சவரக்கத்தி போல இருந்தும் செயின் மரத்தின் மேல் வழுக்கிக்கொண்டே போகும். நான்கைந்து முறை தீட்டியதும் அளவுத் தகட்டை வைத்துப் பார்த்து, மேட்டைத் தட்டை அரத்தால் இறக்குங்கள். பல்லின் முனைக்கும் மேட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலான செயின்களுக்கு 0.65 மில்லிமீட்டர். வேகமாக அறுக்க வேண்டும் என்று அதற்கு மேல் இறக்காதீர்கள். செயின் மரத்தைக் கவ்வி இழுக்கும், மிஷின் குதிக்கும், பார் நுனி எகிறும் ஆபத்தும் கூடும்.

எப்போது தீட்டுவது? நான் ஒவ்வொரு டாங்க் பெட்ரோல் தீர்ந்ததும் இரண்டு தள்ளு போடுவேன். ஐந்து நிமிட வேலை. மழுங்கும்வரை விட்டால் இருபது தள்ளு போட வேண்டும், செயினும் சீக்கிரம் முடிந்துபோகும்.

ஒரே நாளில் மூன்று முறை மழுங்கினால் குற்றம் செயினில் இல்லை, மண்ணில் இருக்கிறது. சீமைக்கருவேலம் தரையிலேயே ஐந்தாறு கிளையாகப் பிரிந்து நிற்கும். மழையில் தெறித்த மணல் அடிப்பட்டையில் ஏறி இருக்கும். அடியை அரிவாளால் செதுக்கி, பட்டையை உரித்துவிட்டு அறுங்கள். வெட்டிப் போட்ட கட்டையைத் துண்டு போடும்போது கீழே இன்னொரு கட்டையை முட்டுக் கொடுங்கள். ஓடும் செயின் ஒரே ஒரு முறை தரையைத் தொட்டால் போதும், காலையில் போட்ட அரமெல்லாம் வீண்.

சாலையோரப் புளியமரம் வேறு கதை. நூறு வருடத்து மரத்தில் விளம்பரத் தகடு அடித்த ஆணி, மாடு கட்டிய வளையம், கம்பி எல்லாம் உள்ளே புதைந்திருக்கும். அறுத்த இடத்தில் நீலக்கறுப்பாகக் கறை தெரிந்தால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது. புளியின் வைரமே கறுப்பாக இருக்கும் என்பதால் வெளிப்புறத்து வெள்ளைக் கட்டையில் அந்தக் கறை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஓரடி மேலே தள்ளி அறுங்கள். ஆணியில் பட்ட செயினில் எந்தப் பல் அதிகம் உடைந்திருக்கிறதோ, மற்ற எல்லாவற்றையும் அதன் நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். பல் நீலம் பாரித்திருந்தால் சூட்டில் அதன் குணமே மாறியிருக்கும், சாதாரண அரம் அதில் வழுக்கும். அந்த நீலம் போகும்வரை பட்டறையில் சாணை பிடித்தாக வேண்டும்.

அறுப்பு நேராக இறங்காமல் ஒரு பக்கம் வளைகிறது

வலக்கைக்காரர்களுக்கு ஒரு பக்கத்துப் பல்லைத் தீட்டுவது சுலபம், மறுபக்கம் கஷ்டம். அதனால் ஒரு பக்கப் பற்கள் குட்டையாகவும் மறுபக்கம் நீளமாகவும் ஆகிவிடும். நீளமான, கூரான பக்கம் நோக்கி அறுப்பு வளையும். இரண்டு பக்கத்திலும் ஒரு பல்லை அளந்து பாருங்கள். நீளம் சமமாக இருந்தும் வளைந்தால் பாரைக் கழற்றித் தட்டையான தரையில் நிறுத்துங்கள். நேராக நிற்காமல் சாய்ந்தால் அதன் இரண்டு விளிம்பும் சமமாகத் தேயவில்லை. வெளியே மடங்கி நிற்கும் பிசிறைத் தட்டை அரத்தால் எடுத்து, விளிம்பைச் சமன் செய்யலாம். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போடும் பழக்கம் இருந்தால் இந்த நிலை வர நாளாகும்.

பாரிலிருந்து புகை வருகிறது, செயின் தொங்குகிறது

செயினுக்கு எண்ணெய் போகவில்லை. சோதிப்பது சுலபம். பார் நுனியைக் காய்ந்த தூர்க்கட்டைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்து அரை ரேஸ் கொடுங்கள். கட்டையின் மேல் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழவில்லை என்றால் பாரைக் கழற்றி, அடிப்பக்கத்தில் இருக்கும் சின்ன எண்ணெய்த் துளையைக் கம்பியால் குத்துங்கள். அதற்கு முன் ஒட்டியிருக்கும் தூள்களிம்பை வழியுங்கள். பத்தில் எட்டு முறை அடைப்பு அங்கேதான். பிறகு பாரின் பள்ளத்தை நெடுகச் சுரண்டிவிடுங்கள்.

பெட்ரோல் டாங்க் ஒரு முறை தீர்ந்தால் எண்ணெய் டாங்கும் கிட்டத்தட்டத் தீர்ந்திருக்க வேண்டும். பெட்ரோல் காலியாகி எண்ணெய் பாதி நின்றால் ஓட்டம் சரியில்லை.

மெக்கானிக் கடையில் வடித்த கழிவு ஆயிலை ஊற்றுவது எங்கள் பக்கம் சகஜம். காசு மிச்சம் என்று நானும் ஊற்றியவன்தான். அதில் இரும்புத்தூள் கலந்திருக்கும், எண்ணெய்ப் பம்பைத் தேய்த்துவிடும். அது நீர்த்துப்போனது என்பதால் செயினிலும் ஒட்டாது. அதைவிட முக்கியம், கழிவு ஆயில் தோலுக்குக் கேடு. நாள் முழுக்க நம் கையிலும் சட்டையிலும் தெறிப்பது அதுதான். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

செயின் இறுக்கம் பற்றி ஒரு விஷயம். சூடான செயின் நீளும், அதனால் தொங்கும். வேலை நடுவில் இறுக்கினால், வேலை முடிந்ததும் மறக்காமல் தளர்த்திவிடுங்கள். இரவில் ஆறிச் சுருங்கும்போது பாரையும் கிராங்க் ஷாஃப்டையும் இழுத்துப் பிடிக்கும். ஆறிய செயினைக் கையால் இழுத்தால் தாராளமாக ஓட வேண்டும், அடியில் ஒட்டியிருக்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் அளவு சரி.

கயிறு இழுத்துக் கை ஓய்ந்தது, ஸ்டார்ட் ஆகவில்லை

சுவிட்சைப் பாருங்கள். சொல்லவே வேண்டியதில்லை என்று தோன்றும், ஆனாலும் பாருங்கள். இந்த இன்ஜினுக்குப் பெட்ரோலில் ஆயில் கலந்துதான் ஊற்றுகிறோம். அடுத்து டாங்கில் இருப்பது எப்போது கலந்த பெட்ரோல் என்று யோசியுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நாள்பட வைத்தால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், ரப்பர் குழாயையும் உப்ப வைக்கும். ஒரு மாதத்துக்கு மேல் இருந்ததைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்றுங்கள். மழைக்காலத்தில் வேலை இல்லாமல் மிஷினை வைக்கப் போகிறீர்கள் என்றால் டாங்கைக் காலி செய்து, மீதி தீர்ந்து தானே அணையும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

அப்படியும் வரவில்லையா? பிளக்கைக் கழற்றுங்கள். அது நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்பதுதான் இங்கே பாதை பிரியும் இடம்.

நனைந்திருந்தால் பெட்ரோல் அளவுக்கு மேல் போய்விட்டது. சோக்கைப் போட்டபடியே இழுத்துக்கொண்டிருந்தால் இது நடக்கும். முதலில் ஒரு உறுமல் கேட்டதுமே சோக்கைத் தள்ளியிருக்க வேண்டும். பிளக்கைத் துடைத்து வெயிலில் வையுங்கள். சுவிட்சை அணைத்து, பிளக் ஒயரைத் துளையிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, மிஷினைக் கவிழ்த்துப் பிடித்துப் பத்து முறை கயிற்றை இழுங்கள். தேங்கிய பெட்ரோல் வெளியே வரும். பொறி பட்டால் அது பற்றிக்கொள்ளும் என்பதால்தான் ஒயரைத் தள்ளி வைக்கச் சொல்கிறேன். பிறகு பிளக்கை மாட்டி, சோக் இல்லாமல் இழுங்கள்.

காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. டாங்குக்குள் குழாய் நுனியில் ஒரு சின்ன வடிகட்டி தொங்கும். கொக்கிக் கம்பியால் வெளியே இழுத்துப் பாருங்கள். கறுத்து, களிமண் பூசியது போல இருந்தால் மாற்றுங்கள். விலை அதிகமில்லை, இரண்டு வாங்கி வையுங்கள். குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்றும் வளைத்துப் பாருங்கள்.

பிளக்கின் நிறமும் பேசும். காப்பித்தூள் நிறம் என்றால் எல்லாம் சரி. எண்ணெய்ப் பசையோடு கறுப்பாக இருந்தால் ஆயில் அதிகம் அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. அந்த மிஷினை மேற்கொண்டு ஓட்டாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். பிளக்கின் இடைவெளி 0.5 மில்லிமீட்டர்.

பொறியும் இருக்கிறது, பெட்ரோலும் வருகிறது, ஆனாலும் ஓடவில்லை என்றால் கயிற்றுப் பிடியைப் பிடித்து மிஷினை முழங்கால் உயரத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். நல்ல மிஷின் விட்டு விட்டு, தயங்கித் தயங்கி இறங்கும். சரசரவென்று இறங்கினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) போய்விட்டது. இனி பட்டறைதான்.

ஓடுகிறது, ரேஸ் கொடுத்தால் அணைகிறது, அல்லது சூடானதும் நிற்கிறது

காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மட்டும் ரேஸ் கொடுத்துப் பாருங்கள், மரத்தில் வைக்க வேண்டாம். சீறிக்கொண்டு ஏறினால் வடிகட்டிதான் காரணம். கருவேலந்தூள் மிக நைசாக இருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள்.

கொஞ்ச நேரம் ஓடி அணைகிறது, பெட்ரோல் மூடியைத் திறந்ததும் புஸ் என்று ஒரு சத்தம், பிறகு மறுபடி ஓடுகிறது. இப்படி என்றால் டாங்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. அந்தச் சின்ன வால்வைச் சுத்தம் செய்தால் போதும். மிஷின் சூடாக இருக்கும்போது மூடியை உடனே திறக்காதீர்கள், பெட்ரோல் பீறிட்டு அடிக்கும். ஆறவிட்டு, மெல்லத் திருகுங்கள்.

சைலன்சர் வாயில் இருக்கும் கம்பிவலை கரி பிடித்து அடைத்தாலும் ரேஸ் ஏறாது. ஆயிலைக் கூடுதலாக ஊற்றுபவர்களுக்கு இது அடிக்கடி வரும். பழைய டிவிஎஸ் 50-க்கு ஊற்றிய பழக்கத்தில் கண்ணால் பார்த்து ஊற்றினால் சில நாள் கூடும், சில நாள் குறையும். மிஷின் கம்பெனி சொல்லும் நல்ல ஆயிலென்றால் 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. சாதாரண டூ டி (2T, டூ ஸ்ட்ரோக்) ஆயிலென்றால் 25-க்கு 1, லிட்டருக்கு 40 மில்லி. மருந்து பாட்டில் மூடியில் அளவுக்கோடு இருக்குமே, அது போதும். தனி கேனில் கலந்து குலுக்கிவிட்டு ஊற்றுங்கள், மிஷின் டாங்குக்குள்ளேயே கலக்காதீர்கள்.

எல்லாம் சரி, ஆனால் கால்மணி நேரம் ஓடிச் சூடானதும் அணைந்து, ஆறிய பிறகுதான் ஸ்டார்ட் ஆகிறது என்றால் அணைந்த அந்த நிமிடமே பிளக்கில் பொறி வருகிறதா என்று பாருங்கள். சூட்டில் மட்டும் பொறி இல்லையென்றால் பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் (coil) கெட்டுக்கொண்டிருக்கிறது.

தானாகவே ரேஸ் ஏறி அலறுகிறது

உடனே அணையுங்கள். எங்கிருந்தோ தப்பான வழியில் காற்று உள்ளே போகிறது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் வெடித்திருக்கலாம், கிராங்க் சீல் தேய்ந்திருக்கலாம். காற்று கூடி, பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் குறைந்தால் பிஸ்டன் நிமிடக்கணக்கில் இறுகிவிடும்.

எனக்கு நடந்தது வேறு வழியில். கார்புரேட்டரில் எல் (L), எச் (H) என்று இரண்டு திருகு இருக்கும். எச் திருகை உள்ளே முடுக்கினால் சத்தம் கூர்மையாகி வேகம் கூடியது போலத் தெரியும். ஒரு கோடையில் வேம்பு லோடு சீக்கிரம் முடிய வேண்டும் என்று நான் அதைக் கால் சுற்று முடுக்கினேன். மத்தியானத்துக்குள் இன்ஜின் இறுகி நின்றது. சைலன்சரைக் கழற்றிப் பார்த்தபோது பிஸ்டனில் நெடுகக் கீறல். புது சிலிண்டர் செட்டுக்கு அந்த மாத வருமானத்தில் பெரும்பகுதி போனது. வெறும் காற்றில் முழு ரேஸ் கொடுக்கும்போது சத்தம் சற்றுக் கரகரப்பாக இருந்து, மரத்தில் வைத்ததும் தெளிய வேண்டும். காற்றிலேயே கீச்சென்று தெளிவாக அலறினால் பெட்ரோல் குறைவு. திருகை வெளியே தளர்த்துங்கள்.

ரேஸ் கொடுக்காமலே செயின் ஓடுகிறது

கார்புரேட்டரில் எல்ஏ (LA) அல்லது டி (T) என்று குறித்திருக்கும் திருகைத் தளர்த்தி ஓட்டத்தைக் குறையுங்கள். அப்படியும் செயின் நகர்ந்தால் கிளட்ச் ஸ்பிரிங் அறுந்திருக்கும். அதை மாற்றாமல் வேலைக்குப் போகாதீர்கள். முள்ளுக்குள் குனிந்து நுழையும்போது செயின் நம் தொடையருகே ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு நேர்மாறாக, இன்ஜின் உறுமியும் செயின் ஓடவில்லை என்றால் முதலில் செயின் பிரேக் (முன்பிடிக்கு முன்னால் இருக்கும் தட்டைத் தள்ளினால் செயினை நிறுத்துவது) விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. கிளட்சோடு சேர்ந்து செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் அரை மில்லிமீட்டர் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். இரண்டு செயின் தேய்வதற்குள் ஒரு ஸ்ப்ராக்கெட் முடியும் என்பது என் கணக்கு.

பார் மரத்துக்குள் மாட்டிக்கொண்டது

ரேஸ் கொடுத்து இழுக்காதீர்கள். அணைத்துவிட்டு, கட்டை எந்தப் பக்கம் அழுந்துகிறது என்று பாருங்கள். இரண்டு முனையும் முட்டில் இருந்து நடு தொங்கினால் மேல்பக்கம் நெருக்கும். ஒரு முனை அந்தரத்தில் இருந்தால் கீழ்ப்பக்கம் நெருக்கும். நெருக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு முதலில் அறுத்துவிட்டு, மறுபக்கத்திலிருந்து வந்து முடிப்பதுதான் முறை. ஏற்கெனவே மாட்டியிருந்தால் வெட்டில் மர ஆப்பு அல்லது பிளாஸ்டிக் ஆப்பு அடித்து வாயைத் திறங்கள். இரும்பு ஆப்பு வேண்டாம், செயின் தொட்டால் பல் போகும். அதற்கும் அசையாவிட்டால் நட்டுகளைக் கழற்றி இன்ஜினைத் தனியாக எடுத்துவிட்டு, கோடரியால் பாரை விடுவியுங்கள். மரம் உருண்டால் பார் மட்டும்தான் போகும், மிஷின் தப்பும்.

மிஷின் முகத்தை நோக்கி எகிறுகிறது

பார் நுனியின் மேல்பாதி எதிலாவது தட்டினால் இது நடக்கும். செயின் நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகம் முழுவதும் பாரை நம் தலைக்குத் திருப்பிவிடும். பார்த்துச் சுதாரித்துக் கையை எடுக்க நேரமே இருக்காது. கருவேலங்கிளைக்குள் நுனி எங்கே போகிறது என்று தெரியாமல் நுழைப்பதுதான் பெரிய காரணம். முதலில் அரிவாளால் முள்கிளையைக் கழித்து, நுனி கண்ணுக்குத் தெரியும்படி செய்துகொள்ளுங்கள். இடது கையின் கட்டைவிரல் முன்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். தோளுக்கு மேல் தூக்கி அறுக்கக் கூடாது. இரண்டு கால்களுக்கு நேர்நடுவில் இல்லாமல் உடலுக்கு வலப்பக்கமாகப் பாரை வைத்து அறுங்கள். செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் ரேஸ் கொடுத்து, முன்தட்டை மணிக்கட்டால் தள்ளிச் சோதியுங்கள். செயின் அந்த நொடியே நிற்க வேண்டும்.

மரம் நினைத்த பக்கம் விழவில்லை, அல்லது நெடுக்காகப் பிளந்தது

விழ வேண்டிய பக்கத்தில் முதலில் வெட்டி எடுக்கும் ஆப்பு வடிவ வாய் அடிமரத்தின் கால் பங்கு ஆழம் இருக்கட்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து போடும் பின்வெட்டு அந்த வாயின் அடிமட்டத்தைவிட ஓரிரு விரல் உயரத்தில் வரட்டும். முழுக்க அறுத்துவிடாமல் நடுவில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு பட்டையாக நிற்க வேண்டும். கதவுக்குக் கீல் போல மரத்தைத் திருப்பி இறக்குவது அதுதான். அது ஒரு பக்கம் மெல்லியதாக இருந்தால் மரம் தடித்த பக்கம் இழுத்துக்கொண்டு விழும்.

நன்றாகச் சாய்ந்து நிற்கும் தைல மரத்தைப் பின்னாலிருந்து மட்டும் அறுத்தால் பாதியில் அடிமரம் மேல்நோக்கிப் பிளந்து, பின்பாதி நம் நெஞ்சுக்கு வரும். வாய் வெட்டாமல் சாய்ந்த மரத்தைத் தொடாதீர்கள். தென்னையும் பனையும் வேறு மாதிரி. வெளிச்சுற்று இரும்பு, உள்ளே சோறு. நடுவில் விடும் பட்டைக்குப் பலம் இருக்காது, அதனால் கயிறு கட்டாமல் சாய்க்க வேண்டாம். செயினும் அதில் வேகமாக மழுங்கும். கரண்ட் கம்பி அருகே என்றால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் மிஷினைக் கையில் எடுக்க வேண்டும்.

விரல் மரத்துப்போகிறது, காது இரைகிறது

இதை மிஷின் கோளாறுகளோடு சேர்த்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பிடியில் உள்ள அதிர்வுத்தாங்கி ரப்பரோ ஸ்பிரிங்கோ அறுந்தால் அதிர்வு முழுவதும் கைக்கு வரும். மிஷினைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் தெரியும். மழுங்கிய செயினும் அதிர்வைக் கூட்டும். இரவில் விரல் நுனி ஊசி குத்துவது போலிருந்தால், காலையில் விரல் வெளுத்து மரத்திருந்தால், நாளைக்கு நாள் இடைவெளி விட்டு வேலை செய்யுங்கள், டாக்டரிடம் தொழிலைச் சொல்லிக் காட்டுங்கள். முற்றவிட்டால் அந்த உணர்ச்சி திரும்பி வராமலே போகலாம். மிஷின் சத்தம் 100 டெசிபெல்லைத் தாண்டும். காதுக்கவசம் இல்லாமல் பல வருடம் ஓட்டியவர்களிடம் பக்கத்தில் நின்று பேசினாலும் காதில் விழுவதில்லை. பஞ்சு வைத்துக்கொள்வது போதாது.

நாள் முழுக்க ஓடியும் கையில் காசு நிற்கவில்லை

பெரும்பாலும் பேச்சில் விட்ட கோளாறு. டன் கணக்கில் பேசினால் எடை மேடைக்கு என்றைக்குப் போகும் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். பச்சை விறகை ஒரு வாரம் வெயிலில் போட்டுவிட்டு ஏற்றினால், அறுத்த உழைப்பு அப்படியே இருக்கும், எடை மட்டும் இறங்கியிருக்கும். அறுத்த அன்றோ மறுநாளோ ஏற்ற முடியாது என்றால் நாள் கூலியாகப் பேசுங்கள். முள் கழிப்பது யார், தூர் எந்த உயரத்தில் விடுவது, லோடு ஏற்றுவது யார் என்று முன்னாலேயே கேளுங்கள். சீமைக்கருவேலத்தை அடியோடு அழிக்க வேண்டும் என்று நினைக்கும் நிலக்காரரிடம், மிஷினால் அறுத்தால் தூரிலிருந்து மறுபடி தழைக்கும், வேரோடு எடுக்க ஜேசிபிதான் வேண்டும் என்று வேலைக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் அறுத்த ஓரிடத்தில் மழைக்குப் பிறகு மறுபடி தழைத்து, மீதிப் பணம் எனக்கு வரவே இல்லை.

மரம் யாருடையது என்பதையும் கேளுங்கள். கண்மாய், புறம்போக்கு, சாலையோர மரமென்றால் ஏலம் எடுத்த ரசீதைப் பார்க்காமல் கயிற்றை இழுக்காதீர்கள். சந்தன மரம் பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறை அனுமதி வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு மாதிரி மலை ஊர்களில் வேலை வந்தால் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அங்கே சொந்த மரத்துக்கும் அனுமதி கேட்க வேண்டும். பிடிபட்டால் முதலில் பறிமுதல் ஆவது நம் மிஷின்.

என் சாக்குப் பையில் எப்போதும் இருப்பவை: தீட்டிய செயின் இரண்டு, உருட்டு அரம் இரண்டு, தட்டை அரம் ஒன்று, பிளக் ஒன்று, டாங்க் வடிகட்டி ஒன்று, மூன்று ஆப்பு, நட்டுச் சாவி, கொக்கிக் கம்பி, காயத்துக்குக் கட்ட நான்கு முழச் சுத்தமான பருத்தித் துணி, அன்றைய மரத்துக்கான ரசீதின் நகல்.